விடுபட்ட புள்ளி: மருந்துச் சீட்டின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

(நீண்ட பதிவு. மொழியியல், வரலாறு, செவிலியம், மருந்தியல் பயிலும் நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

மூன்றாண்டுகளுக்கு முன்னர் என் தாயாருக்குத் தைராய்டு குறைபாடு இருப்பது தெரியவந்தது. வயது அறுபத்தொன்று, இதயத்திலும் சிறு கோளாறு உண்டு. ஆகவே மருத்துவர் மிகக் குறைந்த அளவில் தொடங்க எண்ணினார். தமிழறிந்தவர், என் தாயாரிடம் தமிழிலேயே, 'பன்னிரண்டரை மைக்ரோகிராம், காலையில் வெறும் வயிற்றில்' என்று சொல்லிச் சீட்டில் 12.5 என்று எழுதினார். விவேக் நகரில் நாங்கள் குடியிருக்கும் தெருமுனையிலுள்ள மருந்துக்கடையில் அச்சீட்டைக் கொடுத்தோம். கிடைத்த புட்டியில் 125 என்றிருந்தது. தைராக்சின் மாத்திரை 12.5 அளவிலும் விற்பனைக்கு உண்டு; 125 அளவிலும் உண்டு. இரண்டும் ஒரே அலமாரியில் அருகருகே இருப்பவை.

மூன்றாம் வாரம் தாயாருக்கு உறக்கம் போயிற்று. கை நடுங்கியது. படியேறும்போது நெஞ்சு படபடத்தது. ஆறாம் வாரம் வழக்கமான குருதிப் பரிசோதனைக்குச் சென்றபோதுதான், நாள்தோறும் பத்து மடங்கு உட்கொண்டிருந்தது தெரிந்தது. நல்வாய்ப்பாக உடனே நிறுத்தப்பட்டது, தேறினார். சீட்டை எடுத்துப் பார்த்தேன். புள்ளி இருந்தது. ஆனால் சீட்டிலிருந்த நீலக் கோட்டின்மேல் விழுந்து, கோட்டோடு கோடாகக் கரைந்து போயிருந்தது.

அன்று தாயார் சொன்ன ஒரு வாக்கியம் என்னை விட்டு அகலவில்லை: "பன்னெண்டரைன்னுதான் டாக்டர் சொன்னாரு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா டப்பாவுல நூத்திருபத்தஞ்சுன்னு போட்டிருந்துச்சு. எழுதினதுதானே சரியா இருக்கும்னு விட்டுட்டேன்." காது கேட்டது சரி; எழுத்து காட்டியது பிழை. அவர் எழுத்தை நம்பினார். மொழியியலில் முதுகலை முடித்து, ஆய்வு மாணவனாக எழுத்து முறைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த நானும் அந்தப் புட்டியை நாள்தோறும் பார்த்தவன்தான். அந்தக் குற்றவுணர்விலிருந்து தொடங்கிய வாசிப்பின் சுருக்கமே இப்பதிவு.

*

மருந்துச் சீட்டு என்பது எவ்வகைப் பனுவல்? யார் யாரை நோக்கிப் பேசுகிறார்?

மேலை மருத்துவ மரபில் சீட்டின் தலைப்பில் இடப்படும் குறி, 'எடுத்துக்கொள்' என்று பொருள்படும் இலத்தீன் ஏவல் வினையின் சுருக்கம். இவ்வேவலின் முன்னிலை நோயாளி அன்று, மருந்து கலப்பவர். 'இன்னின்ன சரக்கை இவ்வளவு எடுத்துக்கொள்' என்பதே அதன் பொருள். பழைய சீட்டு நான்கு உறுப்புகளைக் கொண்டது. முதலாவது இந்த ஏவல். இரண்டாவது சரக்குகளும் அளவுகளும். மூன்றாவது அவற்றை எவ்வாறு கலப்பது என்ற குறிப்பு. நான்காவது, புட்டியின்மேல் நோயாளிக்காக எழுதி ஒட்ட வேண்டிய வாசகம். முதல் மூன்றும் மருந்து கலப்பவருக்கு உரியவை, இலத்தீனில் அமைந்தவை. நான்காவது மட்டும் நோயாளிக்குச் சென்று சேர வேண்டியது. ஒரே தாளில் இரு முன்னிலைகள் இருந்தன. இரண்டுக்கும் இடையே தெளிவான எல்லையும் இருந்தது. இந்த எல்லையை நினைவில் கொள்ள வேண்டுகிறேன். பின்வரும் வரலாறு, ஒருவகையில், அந்த எல்லை அழிந்த வரலாறு.

சென்னையில் 1835இல் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. 1850இல் அது மருத்துவக் கல்லூரி ஆயிற்று. அம்மரபு வளர்ந்தபோது சீட்டின் இலத்தீனும் உடன் வளர்ந்தது. அதை வாசிக்கத் தனிப் பயிற்சி பெற்றவர் ஒருவர் இருந்தார். அவர்தான் நம் தாத்தா பாட்டியர் 'கம்பவுண்டர்' என்று அழைத்தவர். மருத்துவரின் கையெழுத்து அவருக்குப் பழகியது. பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் இருந்தவர். ஐயம் எழுந்தால் திரும்பிக் கேட்கக்கூடியவர். கலந்த மருந்தைப் புட்டியில் ஊற்றி, அதன் பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டையை வெட்டி ஒட்டுவார். ஒரு வேளைக்கு ஒரு வெட்டு. எழுத்தறியாத நோயாளியும் ஒரு வெட்டு அளவு குடித்தால் போதும். இந்தக் காகிதப் பட்டையை மருத்துவ வரலாற்றின் சிறந்த எழுத்து முறைகளுள் ஒன்றாகவே கருதுகிறேன். மொழி வேண்டாம், எண் வேண்டாம், பிழையாக வாசிக்கவும் இயலாது.

ஆனால் சீட்டின் மற்ற உறுப்புகள் அவ்வளவு தெளிவாக இருந்தன என்று சொல்ல முடியாது. அவுன்சுக்கும் டிராமுக்கும் இடப்பட்ட குறிகள் ஏறத்தாழ ஒரே வடிவின. மேலே ஒரு வளைவு கூடினால் அவுன்சு, குறைந்தால் டிராம். ஒரு அவுன்சு என்பது எட்டு டிராம். பேனா சற்றே வழுக்கினால் மருந்து எட்டு மடங்காகும். இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்தையடுத்து, 1958 முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர் இவ்வளைவுகள் மறைந்தன. அவற்றின் இடத்தில் வந்தது தசமப் புள்ளி. எட்டு மடங்குப் பிழை போய்ப் பத்து மடங்குப் பிழை வந்தது.

*

நம் மரபில் மருந்து எவ்வாறு எழுதப்பட்டது?

காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்திலுள்ள பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டொன்று உள்ளது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, 'வீரசோழன்' என்னும் பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர்சாலையைப் பற்றிப் பேசுகிறது. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், மருந்து காய்ச்சியும் நோயாளரைப் பேணியும் பணிசெய்யும் பெண்டிர் ஆகியோருக்கான ஊதியம் அதில் வரையறுக்கப்பட்டுள்ளது. ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. வாஸாஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று ஒவ்வொன்றும் பெயர் சுட்டப்படுகிறது. இது நோயாளிக்கான மருந்துக் குறிப்பு அன்று, அறக்கட்டளைக் கணக்கு. எனினும் இங்கே ஒரு கொள்கை தெரிகிறது: பிற்காலத்தில் வரப்போகும், தான் அறியாத ஒருவர் வாசித்துச் சரிபார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

ஏட்டு மருத்துவம் வேறு வகை. சித்த மருத்துவ நூல்கள் பலவும் பரிபாஷையில் எழுதப்பட்டவை. குருவின் துணையின்றி வாசிப்போருக்குப் பொருள் விளங்கக் கூடாது என்பதே நோக்கம். ஒரு மூலிகைக்குப் பல பெயர்கள்: கரிசலாங்கண்ணி, கரிசாலை, கையாந்தகரை. ஒரு பெயருக்குப் பல மூலிகைகள்: தென்னாட்டில் பிரமி என்றால் நீர்ப்பிரமி, வடநாட்டில் பல இடங்களில் அதே பெயர் வல்லாரையைக் குறிக்கும். போதாக்குறைக்கு, ஓலையில் புள்ளி இடும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெளிவாகக் காட்டப்படவில்லை; வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் செய்த சீர்திருத்தத்துக்குப் பின்னரே அது நிலைபெற்றது.

ஆயினும் அந்த மரபு எவ்வாறு இயங்கியது? விடுபட்ட புள்ளியை வாசிப்பவர் தாமே இட்டு வாசித்தார். பாடலின் யாப்பு உதவியது, சொல்லறிவு உதவியது, நூலை முன்பே வாய்மொழியாகக் கற்றிருந்தது எல்லாவற்றினும் மிகுதியாக உதவியது. மொழியியலில் மிகைமை என்று ஒரு கருத்துண்டு. ஒரு செய்தி தேவைக்குமேல் பல வழிகளில் உணர்த்தப்படும்போது, ஒரு வழி அடைபட்டாலும் பொருள் கெடுவதில்லை. ஏட்டில் 'கண' என்றிருந்தாலும் சூழலைக்கொண்டு 'கண்' என்று படித்துவிடலாம். 12.5இல் புள்ளி போனால் மீட்க வழியில்லை. 125 என்பதும் முறையான, கடையில் கிடைக்கும், பலர் நாள்தோறும் உட்கொள்ளும் ஓர் அளவு. சூழல் எதையும் உணர்த்தாது. என் தாயாரின் சீட்டில் நிகழ்ந்தது இதுவே.

எண்ணைப் பொறுத்தவரை நம் பழைய முறையில் கருதத்தக்க ஒரு செய்தி உண்டு. பழந்தமிழ் எண்குறிகளில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன, சுழியம் இல்லை. பின்னங்களோ தனிச் சொற்கள்: அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. இவ்வமைப்பில் ஒரு சுழியம் கூடிப்போய் ஐந்து ஐம்பதாகாது. புள்ளி மறைந்து அரை ஐந்தாகாது. ஆனால் இதைக்கொண்டு பெருமை பேச நான் வரவில்லை. அதே முறையில் 'க' என்பது ஒன்று, 'உ' இரண்டு, 'எ' ஏழு, 'அ' எட்டு. எழுத்தும் எண்ணும் ஒரே உருவம் கொண்டதால் வேறு வகைக் குழப்பத்துக்கு வழியிருந்தது. நவீன மருத்துவமனையில் இதன் மறுவடிவத்தைக் காண்கிறோம். இன்சுலின் அளவில் 'யூனிட்' என்பதற்குச் சுருக்கமாக 'யூ' என்னும் ஆங்கில எழுத்தை இட்டால், அதன் மேல்வாய் சற்றே மூடியதும் சுழியமாகிவிடுகிறது. நான்கு யூனிட் நாற்பதாகிறது. எழுத்து எண்ணாக வாசிக்கப்படுகிறது.

எந்த எழுத்து முறையும் இயல்பிலேயே பாதுகாப்பானது அன்று. யார் வாசிக்கிறார், அவருக்கு எவ்வளவு தெரியும், ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பார் என்பவற்றைப் பொறுத்தே அது பாதுகாப்பானதோ ஆபத்தானதோ ஆகிறது.

*

இங்கே யாழ்ப்பாணத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. வாசகர் யார் என்ற கேள்வியைத் தமிழில் மருத்துவம் எழுதியவர்களுள் மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் அங்கே பணியாற்றினார்.

அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார், மருத்துவமும் பயிற்றுவித்தார். தொடக்கத்தில் ஆங்கில வழியில் கற்பித்தவர், பின்னர் முற்றிலும் தமிழ் வழிக்கு மாறினார். ஊர்ப்புற மக்களிடையே பணியாற்றப் போகிறவர் அம்மக்களின் மொழியிலேயே மருத்துவத்தைச் சிந்திக்க வேண்டும் என்பது அவர் கருத்து. உடற்கூற்றியலில் புகழ்பெற்ற கிறேயின் நூல் 1872இல் தமிழில் வந்தது. வேதியியல் நூல் 'கெமிஸ்தம்' என்ற பெயரில் 1875இல் வந்தது. கலைச்சொல்லாக்கத்தில் அவர் ஒரு வரிசையைப் பின்பற்றினார்: முதலில் தமிழில் சொல் உண்டா என்று தேடுவது, இல்லையெனில் வடமொழியில் தேடுவது, அதுவும் இயலாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப எழுதுவது.

இம்மூன்றாம் படியை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் மொழிபெயர்த்தே தீருவது என்ற பிடிவாதம் அவரிடம் இல்லை. எதை மொழிபெயர்க்க வேண்டும், எதை ஒலிபெயர்த்தால் போதும் என்பதை வாசகரின் பயன்கருதி முடிவு செய்தார். மருந்துச் சீட்டின் மொழி பற்றிய இன்றைய விவாதத்துக்கும் இந்தப் பகுப்பு பொருந்தும்.

*

20ஆம் நூற்றாண்டில் ஆலை மாத்திரை வந்தது. மருந்தைக் கலக்கும் வேலை மறைந்தது. அதனோடு பழைய சீட்டின் மூன்றாம் உறுப்பும் மறைந்தது. கம்பவுண்டரும் மறைந்தார். எஞ்சியவை மருந்தின் பெயர், வலிமை, எத்தனை வேளை என்பவை மட்டுமே. ஆனால் கம்பவுண்டருக்காக ஏற்பட்ட இலத்தீன் சுருக்கங்கள் மட்டும் மறையவில்லை. அவை இப்போது முன்பின் அறியாத கடைக்காரர், வேறு மாநிலத்துச் செவிலியர், நோயாளி, நோயாளியின் பிள்ளைகள் ஆகிய அனைவர் கைக்கும் வந்தன.

'ஓ.டி.' என்பது இந்தியாவில் நாளுக்கு ஒருமுறை. கண் மருத்துவத்தில் அதே ஈரெழுத்து வலக்கண்ணைக் குறிக்கும். 'எச்.எஸ்.' என்பது உறங்கும் வேளை. பாதி வலிமை என்ற பொருளிலும் வழங்கியதுண்டு. 'எஸ்.ஓ.எஸ்.' என்பது 'தேவையெனில்' என்று பொருள்படும் இலத்தீன் தொடரின் சுருக்கம். நோயாளிகளோ அதைக் கப்பல் மூழ்கும்போது அனுப்பும் அவசர அழைப்பாகவே அறிவர். ஆகவே சாதாரணக் காய்ச்சல் மாத்திரையை உயிர் போகும் நிலைக்கென்று எடுத்து வைத்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். நாம் வகுப்பில் மக்கட் சொற்பிறப்பு என்று சிரித்துக்கொண்டே படிப்பது இங்கே உடல்நலச் சிக்கலாகிறது.

பெயர்களின் நிலையும் இவ்வாறே. உலக நலவாழ்வு அமைப்பு 1950இல் தீர்மானித்து, 1953 முதல் மருந்துகளுக்கான பன்னாட்டுப் பொதுப்பெயர்களை வெளியிட்டு வருகிறது. இப்பெயர்களின் உருபனியல் நம் மாணவர்கள் ஆராயத்தக்கது. 'ஓலால்' என்று முடிந்தால் ஒரு வகை இதய மருந்து. 'பிரில்' என்று முடிந்தால் இரத்த அழுத்த மருந்துகளில் ஒரு வகை. 'ஸ்டாட்டின்' என்று முடிந்தால் கொழுப்பைக் குறைப்பது. விகுதி கண்டு இனமறியலாம். பல மொழியினரும் எழுதவும் ஒலிக்கவும் எளிதாக இருக்கும்பொருட்டு, இரட்டை எழுத்துகளால் ஓரொலியைக் குறிப்பதைத் தவிர்க்கும் நெறிகளும் வகுக்கப்பட்டுள்ளன. இலங்கையில் சேனக பிபிலே 1970களின் தொடக்கத்தில் முன்னெடுத்த சீர்திருத்தமும், இந்தியாவில் 1975இல் வந்த ஹாத்தி குழு அறிக்கையும் பொதுப்பெயரை வலியுறுத்தின. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் அரசு மருத்துவமனைகளுக்குப் பொதுப்பெயரிலேயே மருந்து வழங்கி வருகிறது.

வணிகப் பெயர்களுக்கு அத்தகைய ஒழுங்கில்லை. ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்னும் இரு மலேரியா மருந்துப் பெயர்களைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2001இல் வந்த அத்தீர்ப்பு மொழியியல் மாணவர் வாசிக்க வேண்டிய ஒன்று. ஒரே பொதுமொழி இல்லாத, ஆங்கிலம் அறியாதோர் பெருவாரியாக வாழும் நாட்டில், பெயர்களின் ஒலியொப்புமையை அயல்நாட்டு அளவுகோலால் அளக்கக் கூடாது என்றும், மருந்தில் நேரும் குழப்பம் பிற பண்டங்களில் நேர்வதைவிடக் கொடியது என்றும் நீதிமன்றம் கருதியது. அமெரிக்காவில் 'லோசெக்' என்னும் வயிற்றுப்புண் மருந்து 'லாசிக்ஸ்' என்னும் நீரிளக்கியோடு குழம்பியதால் 1990இல் அதன் பெயரே மாற்றப்பட்டது. அதே நாட்டில் டெக்சாஸ் மாநிலத்தில் 'ஐசோர்டில்' என்று எழுதியது 'பிளெண்டில்' என்று வாசிக்கப்பட்டு ஒருவர் இறந்தார். 1999இல் அறங்கூறு குழு அவர் குடும்பத்துக்கு 4,50,000 டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. அந்தத் தொகை எழுதிய மருத்துவருக்கும் வாசித்த மருந்தாளுநருக்கும் சமமாகப் பகிரப்பட்டது. எழுதுவோரும் வாசிப்போரும் சேர்ந்தே ஒரு பனுவலை உருவாக்குகின்றனர் என்ற கோட்பாட்டை நீதிமன்றம் தன் வழியில் ஏற்றுக்கொண்டது எனலாம்.

*

மருத்துவமனைக்குள் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். அங்கே எழுதப்படுவதை 'ஆர்டர்' என்றே வழங்குகின்றனர், மருந்தாணை எனலாம். மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதுவார். அதைப் பார்த்துச் செவிலியர் வேறொரு தாளில் பெயர்த்தெழுதுவார். மருந்தகத்துக்கு இன்னொரு படி செல்லும். ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்களுக்குத் தெரியும்: படியெடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பாடபேதம் பிறக்கும். உ.வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டு மூலபாடத்தைத் தேட வேண்டியிருந்தது இதனால்தான். வார்டில் அதற்கு நேரமில்லை.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் மருத்துவமனைகளில் 1960களில் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். மருத்துவர் எழுதும் தாளே செவிலியர் பார்த்து மருந்து கொடுக்கும் தாளாகவும் இருக்கட்டும். இடையில் படியெடுப்பே வேண்டாம் என்றனர். ஜேம்ஸ் குரூக்ஸும் உடன் பணியாற்றியோரும் 1965இல் இம்முறையை வெளியிட்டனர். இன்று நம் மருத்துவமனைகளில் கட்டிலோரம் தொங்கும் மருந்து அட்டவணை இவ்வகை முயற்சிகளின் வழிவந்தது.

அமெரிக்காவில் 1999இல் வெளிவந்த மருத்துவக் கழக அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் பிழைகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கின்றனர் என்று மதிப்பிட்டது. 2004இல் அங்குள்ள மருத்துவமனை அங்கீகார அமைப்பு, எழுதவே கூடாத சுருக்கங்களின் பட்டியலை வெளியிட்டது. யூனிட்டுக்கு 'யூ' கூடாது. புள்ளிக்கு முன் சுழியம் கட்டாயம்: .5 என்று எழுதாமல் 0.5 என்றே எழுத வேண்டும். முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியமும் கூடா: 5.0 என்று எழுதாமல் 5 என்றே எழுத வேண்டும். இவ்விரு விதிகளும் புள்ளி கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்ற முன்னனுமானத்தில் வகுக்கப்பட்டவை.

இந்தியாவில் 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள், மருந்துச் சீட்டு எழுத்தில் இருக்க வேண்டும், தேதியும் கையொப்பமும் நோயாளியின் பெயரும் முகவரியும் மருந்தின் மொத்த அளவும் உட்கொள்ளும் அளவும் இருக்க வேண்டும் என்கின்றன. பொதுப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016இல் மருத்துவ மன்றத்தின் ஒழுக்க விதி திருத்தப்பட்டது. 2025இல் பஞ்சாப் - அரியானா உயர் நீதிமன்றம், தெளிவாக வாசிக்கத்தக்க மருந்துச் சீட்டைப் பெறுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. கையெழுத்து, ஒழுங்கு பற்றிய கேள்வியாக இருந்த நிலை மாறி, உரிமை பற்றிய கேள்வி ஆகியிருக்கிறது.

*

இனி என் கருத்து.

எங்கள் பகுதி, 1809இல் உருவான பழைய பெங்களூர்க் கண்டோன்மென்டை ஒட்டியது. சென்னைப் படையோடு வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் இங்கும் அண்டைப் பகுதிகளிலும் மிகுதி. வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு திருத்தலத்துக்கு வருவோர் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வேண்டுகின்றனர். ஆனால் மருந்துச் சீட்டு ஒரே மொழியில்தான் வருகிறது. அது இவற்றுள் எந்த மொழியும் அன்று. அது இலத்தீனின் எலும்பும் ஆங்கிலத்தின் தோலும் கொண்ட ஒரு குறிமொழி. அதைக் கடைக்காரர் கன்னடத்தில் அல்லது தமிழில் வாய்மொழியாகச் சொல்லி, உறையின்மேல் 1-0-1 என்று எழுதித் தருகிறார். காலை ஒன்று, நண்பகல் இல்லை, இரவு ஒன்று. ஜெர்மனியில் 2016இல் நாடு முழுமைக்கும் வகுக்கப்பட்ட மருந்துத் திட்டத் தாளிலும் இதைப் போன்ற வேளை வாரியான கட்டங்களே உள்ளன. கம்பவுண்டரின் காகிதப் பட்டையின் உண்மையான வாரிசு இந்த 1-0-1தான். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தை மூட்டு நோய்க்கு வாரத்தில் ஒருநாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே கேடு. வாரத்தைக் காட்ட 1-0-1இல் கட்டமில்லை. அங்கே 'திங்கட்கிழமை மட்டும்' என்று நோயாளியின் மொழியில் எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

சீட்டு முழுவதையும் தமிழாக்கிவிடலாமே என்று சிலர் கேட்கின்றனர். நான் தயங்குகிறேன். தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. வல்லினத்தில் ஒலிப்புடைமையை நாம் எழுதிக் காட்டுவதில்லை. டோபமின், டோபுடமின் என்று தமிழில் எழுதிப் பாருங்கள்: இரண்டும் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் பயன்படும் வெவ்வேறு மருந்துகள். ரோமன் எழுத்தில் அவற்றைப் பிரித்துக் காட்டும் பகரம், தமிழில் இரண்டுக்கும் ஒன்றே. மருந்தின் பெயர் மருந்தாளுநருக்கானது. பன்னாட்டுப் பொதுப்பெயராக, ரோமன் பெரிய எழுத்திலேயே இருக்கட்டும். எப்போது, எவ்வளவு, எதற்காக, எத்தனை நாள் என்பது நோயாளிக்கானது. அது அவர் மொழியில் இருக்க வேண்டும். பழைய சீட்டின் நான்காம் உறுப்பை மீட்டெடுப்பதே என் வேண்டுகோள். கிறீன் தம் மூன்று படிகளால் செய்ததும் இவ்வகைப் பங்கீடுதான்.

இன்னொன்று. வங்கிக் காசோலையும் ஓர் ஆணைதான். அதில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோம். இரண்டும் மாறுபட்டால் எழுத்தால் எழுதியதே செல்லும் என்று 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் சொல்கிறது. நூறு ரூபாய்க்கு இவ்வளவு காப்பு இருக்கிறது. உடலுக்குள் செல்லும் மருந்துக்கு இல்லை. பிரிட்டனில் போதைப்பொருள் கலந்த மருந்துகளுக்குச் சீட்டில் மொத்த அளவை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும் என்ற விதி உண்டு. நம்மிடம் குறைந்தது புள்ளி உள்ள அளவுகளுக்காவது இதை வழக்கமாக்கலாம். கணினிச் சீட்டு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்ப வேண்டாம். கையெழுத்துக் குழப்பம் போகும். ஆனால் பட்டியலில் 12.5க்குக் கீழே 125ஐத் தொடும் விரல் எங்கும் போய்விடாது.

என் தாயாரின் சீட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரிடம் சென்றபோது, தயக்கத்தோடுதான், எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்தாலும் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார். பிறகு எண்ணை எழுதி, அருகில் தமிழில் 'பன்னிரண்டரை' என்று எழுதினார். எழுதி முடிக்க ஐந்து நொடி ஆகியிருக்கும். அன்று முதல் தாயார் புட்டியை வாங்கியதும் சீட்டோடு வைத்து, வாய்விட்டு வாசித்துப் பார்த்த பிறகே பெட்டியில் வைக்கிறார்.

மருத்துவம், செவிலியம் பயிலும் நண்பர்கள் உங்கள் வார்டுகளில் மருந்தாணை எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை, நோயாளியின் அடையாளம் வெளிப்படாமல், பின்னூட்டத்தில் பகிர்ந்தால் பயன்படும். நான் பிழையாகப் புரிந்துகொண்ட இடங்களைச் சுட்டினால் திருத்திக்கொள்வேன். வரலாற்று மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பழைய கம்பவுண்டர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் அந்தக் காகிதப் பட்டையை எப்படி வெட்டினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.